முழங்கால் தண்ணீர்

(திருநெல்வேலியில் ஒரு வாசகர் வட்டக் கூட்டத்தில், மார்கழி மாதம் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



எனக்கு ஒன்பது வயது இருக்கும். எங்கள் ஊர்க் குளத்துக்கு நீர்ப்பாய்ச்சியாக ஒரு தாத்தா இருந்தார். மடையைத் திறப்பது, அடைப்பது, எந்த வயலுக்கு எத்தனை நாழிகை தண்ணீர் என்று முறை பார்த்து விடுவது எல்லாம் அவர் வேலை. காலையில் கரைமேல் நின்று குளத்தை ஒரு நோட்டம் விடுவார். "இன்னும் எத்தன நாளைக்குத் தண்ணி வரும் தாத்தா?" என்று கேட்டால் மடைக்கல்லைப் பார்க்க மாட்டார். குளத்துக்குள் நிற்கும் நாரையைக் காட்டுவார். "அந்தா நிக்கி பாருல. நேத்து அதுக்கு வயிறு நனைஞ்சுது. இன்னைக்கு முட்டி தெரியுது. இன்னும் நாலு நாள் போனா அது அந்த எடத்த விட்டு நகந்திரும்" என்பார். நான்கு நாளில் நாரை நகர்ந்துவிடும். அந்த இடத்துக்கு வேறு சிறு பறவைகள் வந்திருக்கும்.

அவர் முட்டி என்று சொன்னது உண்மையில் பறவையின் கணுக்கால். அதன் முட்டி மேலே, இறகுக்குள் மறைந்திருக்கிறது. இதை நான் மிகப் பின்னால் புத்தகத்தில் படித்தேன். ஆனால் குளத்தில் தண்ணீர் குறையக் குறையப் பறவைகள் இடம் மாறும், ஆள் மாறும் என்பதை அவர்தான் எனக்குக் கற்றுக்கொடுத்தார். நாற்பது ஆண்டுகளாகக் குளங்களின் கரையில் நின்று பார்த்த பிறகும், நான் உங்களுக்குச் சொல்ல வந்திருப்பது ஏறக்குறைய அதே விஷயம்தான்.

முதலில் நம் குளத்தின் உருவத்தை மனத்தில் கொண்டுவாருங்கள். கிணறுபோல, தொட்டிபோல நான்கு பக்கமும் சுவர் எழுப்பிக் கட்டியது இல்லை நம் குளம். சரிவான நிலத்தில், தாழ்ந்த பக்கத்தில் மட்டும் பிறைபோலக் கரை போட்டார்கள். மற்ற பக்கங்களில் நிலம் தானாகவே மெல்ல மெல்ல உயர்ந்துபோகும். மடைப் பக்கம் இரண்டு ஆள் ஆழம் என்றால், எதிரே நிலம் உயரும் உள்வாய்ப் பக்கம் கணுக்கால் ஆழம். நடுவே இடுப்பளவு, முழங்காலளவு, விரற்கடையளவு என்று எல்லா ஆழமும் ஒரே குளத்துக்குள் இருக்கும். மதுரை, சிவகங்கைப் பக்கம் இதைக் கண்மாய் என்பார்கள். செங்கல்பட்டுப் பக்கம் ஏரி, தாங்கல் என்பார்கள். பெயர் மாறினாலும் உருவம் ஒன்றுதான். தமிழ்நாட்டில் இப்படிச் சுமார் 39,000 நீர்நிலைகள் இருப்பதாகக் கணக்கு.

இந்த உருவத்தோடு பருவமழையைச் சேர்த்துப் பாருங்கள். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை குளத்தை நிரப்புகிறது. மிஞ்சிய தண்ணீர் மறுகாலில் வழிந்தோடுகிறது. அப்போது குளத்தில் பெரும்பாலும் ஆழத் தண்ணீர்தான். முங்கி மீன் பிடிக்கும் நீர்க்காகமும் முக்குளிப்பானும், மேலே வட்டமிட்டுத் தண்ணீரைத் தொட்டுத் தொட்டு எழும் மீசை ஆலாவும் அந்த நாட்களுக்கு உரியவை. பிசான நெல் சாகுபடிக்கு மடை திறந்ததும் தண்ணீர் இறங்கத் தொடங்கும். மார்கழியிலும் தையிலும் முழங்காலளவுத் தண்ணீர் விரிகிற இடமெல்லாம் வாத்துகள். ஊசிவால் வாத்தும் நீலச்சிறகியும் முங்குவதில்லை. தலையைக் கீழே விட்டு வாலை வானத்துக்கு நீட்டி, கழுத்து எட்டுகிற ஆழம் வரைதான் மேயும். அதற்கு மேல் ஆழம் இருந்தால், எத்தனை ஏக்கர் தண்ணீர் இருந்தாலும் அவற்றுக்கு அது இரை கிடைக்காத இடம். தட்டைவாயன் வாத்துக்கு அலகின் ஓரத்தில் சீப்புப்பல் போன்ற அமைப்பு உண்டு. தண்ணீரை வடிகட்டிச் சிற்றுயிர்களை உண்ணும்.

மாசியில் குளத்தின் உள்வாய் சேறாகிறது. என்னைக் கேட்டால் ஆண்டின் மிக அருமையான நாட்கள் அவைதான். வெறும் சேறு என்று நாம் கடந்துபோகும் இடத்தில் ஆயிரம் கால்கள் ஓடிக்கொண்டிருக்கும். கொசு உள்ளான் என்று ஒரு பறவை. எடை சுமார் 25 கிராம், ஒரு கைப்பிடிப் பொரிகடலை அளவு. அலகு ஏறக்குறைய 2 சென்டிமீட்டர். சேற்றின் மேல்தோலில் இருப்பதைத்தான் அது கொத்த முடியும். அதற்குப் பக்கத்தில் பொறி உள்ளான், கொஞ்சம் நீண்ட அலகு. இன்னும் உள்ளே, தண்ணீரில் நின்றபடி கருவால் மூக்கன். அதன் அலகு சுமார் 10 சென்டிமீட்டர். அது சேற்றுக்குள் ஊசிபோல ஆழமாக இறக்கித் துழாவும். ஒரே சேறு, ஒருவர் தட்டில் இன்னொருவர் கை வைப்பதில்லை. சிவந்த நீளக் கால்களோடு நெடுங்கால் உள்ளான் மற்றவர்கள் போக முடியாத ஆழத்தில் நடந்துபோகும். பங்குனியில் சேறு காய்ந்து வெடித்துப் புல் முளைத்ததும் மஞ்சள் வாலாட்டிகள் அங்கே மாட்டின் காலடியில் பூச்சி பிடித்துத் திரியும்.

இந்தக் கால அட்டவணையை எழுதுவது யார் என்று யோசித்துப் பாருங்கள். மடை திறக்கிற விவசாயிதான். அவர் வயலுக்குத் தண்ணீர் விட விடத்தான் இங்கே சேறு வெளிப்பட்டு உள்ளானுக்குச் சோறு போடுகிறது. பாசனம் நின்றுபோன குளத்தில் தண்ணீர் இறங்காது. ஊர்ச் சாக்கடை விழுந்து ஆண்டு முழுவதும் ஒரே மட்டத்தில் நிற்கும் நகரத்துக் குளங்களைப் பாருங்கள். பார்வைக்கு நிறைகுளம். அங்கே ஆகாயத்தாமரை பரவியிருக்கும், சில கொக்குகள் நிற்கும். கரையோரம் சேறு இருக்காது. சேறு இல்லாத இடத்தில் ஆர்க்டிக்கிலிருந்து வந்த அந்த 25 கிராம் உயிர் எங்கே இறங்கும்?

ஆம், ஆர்க்டிக்கிலிருந்துதான். கொசு உள்ளான் குஞ்சு பொரிப்பது ஸ்காண்டிநேவியாவின் வடகோடி முதல் சைபீரியா வரை நீளும் தூந்திர நிலத்தில். அங்கே கோடை மிகக் குறுகியது. பகலோ மிக நீளமானது. பூச்சிகள் கணக்கில்லாமல் பெருகும். அந்தக் குறுகிய இடைவெளியில் குஞ்சு வளர்த்துவிட்டு, நிலம் உறைவதற்குள் தெற்கே கிளம்பிவிடும். நமக்கு மார்கழிப் பனியே குளிர். அவற்றுக்கு நம் மார்கழி இதமான பருவம். பொறி உள்ளான் ஆவணி மாதமே வந்து சேர்ந்துவிடும். வாத்துகள் ஐப்பசிக்கு மேல் வரும். பங்குனி, சித்திரையில் பெரும்பாலானவை கிளம்பிவிடும். இவை பயணிக்கும் வான்வழிக்கு மத்திய ஆசிய வலசைப் பாதை என்று பெயர். 30 நாடுகளைத் தொட்டுச் செல்லும் அந்தப் பாதையை 182 வகை நீர்ப்பறவைகள் பயன்படுத்துகின்றன.

இங்கே ஒரு தவறைத் திருத்தியாக வேண்டும். ஒவ்வோர் ஆண்டும் நம் பத்திரிகைகளில் ஒரு செய்தி வரும்: ஆஸ்திரேலியாவிலிருந்தும் சைபீரியாவிலிருந்தும் கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்துக்குப் பறவைகள் வந்து கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கின்றன என்று. கூடவே ஒரு படம். படத்தில் இருப்பது சங்குவளை நாரை, அதாவது மஞ்சள்மூக்கு நாரை, இல்லாவிட்டால் கூழைக்கடா. இரண்டும் நம் நாட்டுப் பறவைகள். தண்ணீரையும் இரையையும் தேடி இந்தியாவுக்குள்ளேயே இடம் மாறுபவை. இங்கே கூடு கட்டுபவை அவைதான். தூரதேசத்திலிருந்து குளிருக்கு ஒதுங்க வருபவை இங்கே கூடு கட்டுவதில்லை. உண்டு, ஓய்ந்து, உடம்பில் கொழுப்பு ஏற்றிக்கொண்டு திரும்பிப்போகின்றன. ஒன்றுக்கு இது பிறந்த வீடு, மற்றொன்றுக்கு விருந்து வீடு. இந்த வேறுபாடு தெரிந்தால்தான் எதற்கு என்ன தேவை என்பது விளங்கும். கூடு கட்டும் பறவைக்கு மரம் வேண்டும். ஊருக்குள் நிற்கும் மரமானாலும் குளத்துக்குள் நிற்கும் நாட்டுக்கருவேலம் ஆனாலும் சரி. விருந்தாளிக்கு வேண்டியது சேறும் ஆழமில்லாத நீரும், யாரும் விரட்டாத அமைதியும்.

கூந்தன்குளத்துக்கு வரும் விருந்தாளிகளில் வரித்தலை வாத்தைப் பற்றிக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டு சொல்கிறேன். பிள்ளைகள் கவனமாகக் கேளுங்கள். வெளிர்சாம்பல் உடம்பு, வெண்ணிறத் தலை, தலையின் பின்புறம் இரண்டு கறுப்புப் பட்டைகள். கோடையில் அது மங்கோலியாவிலும் திபெத்திய மேட்டுநிலத்திலும் இருக்கிறது. இங்கே வர வேண்டுமானால் இமயத்தைத் தாண்ட வேண்டும். செயற்கைக்கோள் கருவி பொருத்தித் தொடர்ந்தபோது 7,000 மீட்டருக்கும் மேல் அது பறந்தது பதிவாகியிருக்கிறது. அந்த உயரத்தில் காற்றில் உயிர்வளி மிகவும் குறைவு. குறைந்த உயிர்வளியையும் இறுகப் பற்றிக்கொள்ளும் இரத்தம் அதற்கு இயல்பிலேயே அமைந்திருக்கிறது. பெரும்பாலும் இரவிலும் விடியற்காலையிலும் மலையைக் கடக்கும். குளிர்ந்த காற்று அடர்த்தியானது, சிறகுக்குப் பிடிமானம் கிடைக்கும். தேவைக்கு மேல் உயரே போவதும் இல்லை. மலை ஏறினால் ஏறும், பள்ளத்தாக்கு வந்தால் இறங்கும். மங்கோலியாவில் கழுத்துப்பட்டை மாட்டப்பட்ட வரித்தலை வாத்துகளைத் தென்னிந்திய ஏரிகளில் பார்த்திருக்கிறார்கள். அப்படி வந்த பறவை, பகலில் நம் குளத்து நடுவே கூட்டமாக ஓய்ந்து, அந்தி சாய்ந்ததும் வயல்வெளிக்கு மேயப் போகிறது. முதல் தடவை அந்திவெளிச்சத்தில் அவை வரிசையாகத் தலைக்கு மேல் குரல் கொடுத்துக்கொண்டு போனதைப் பார்த்தபோது, கையிலிருந்த பைனாகுலரைத் தூக்கக்கூடத் தோன்றாமல் நின்றுவிட்டேன்.

இந்த விருந்தோம்பலுக்கு விலை கொடுத்தவர்கள் ஊர்க்காரர்கள். கூந்தன்குளத்தில் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. சிவகங்கை மாவட்டம் வேட்டங்குடிப் பக்கத்திலும் அப்படியே. புதுச்சட்டை போட்ட குழந்தையிடம் வெடி வேண்டாம் என்று சொல்வது எளிதான காரியமா? தலைமுறை தலைமுறையாகச் சொல்லியிருக்கிறார்கள். வேடந்தாங்கல் கதை உங்களில் பலருக்குத் தெரியும். வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட, ஊரார் போய் முறையிட, 1790-களில் கலெக்டராக இருந்த லயனல் பிளேஸ் பறவைகளைக் காக்கும் உரிமையை அவர்களுக்கு எழுதிக்கொடுத்தார். பறவை எச்சம் கலந்த தண்ணீர் பாய்ந்த வயலில் விளைச்சல் கூடும் என்பது அவர்களுடைய அனுபவம். பாசத்தோடு பயனும் சேர்ந்திருந்ததால்தான் அந்தக் காவல் நிலைத்தது என்று நான் நினைக்கிறேன். நம் மாவட்டத்தில் தாமிரபரணிக் கரையில் திருப்புடைமருதூர் இருக்கிறது. கோயிலையும் ஊர் மரங்களையும் நம்பிப் பறவைகள் கூடு கட்டிய அந்த இடம் 2005-இல் காப்பகமாக அறிவிக்கப்பட்டது.

இன்று தமிழ்நாட்டில் ராம்சார் உடன்படிக்கையின் கீழ் 20 இடங்கள் பன்னாட்டுச் சிறப்புள்ள ஈரநிலங்களாக அறிவிக்கப்பட்டுள்ளன. இந்தியாவிலேயே இதுதான் அதிகம். 2002-இல் கோடியக்கரை முதலாவதாகச் சேர்ந்தது. கூந்தன்குளமும் வேடந்தாங்கலும் பின்னால் சேர்ந்தன. பெருமைப்பட வேண்டிய செய்திதான். ஆனால் 20-ஐயும் 39,000-ஐயும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பறவைக்குப் பட்டியல் தெரியாது. இந்த வாரம் இந்தக் குளத்தில் தண்ணீர் சரியான ஆழத்தில் இருந்தால் இங்கே; வற்றினால் அடுத்த ஊர்க் குளத்துக்கு; அங்கேயும் வற்றினால் ஆற்றோரத்துக்கு. ஒரு மரத்தின் கிளைகளில் தாவுவதுபோல அவை குளம் விட்டுக் குளம் தாவுகின்றன. பெயர் பெற்ற சரணாலயம் ஒன்றை மட்டும் காப்பாற்றிச் சுற்றியுள்ள பேர் தெரியாத குளங்களை விட்டுவிட்டால், சரணாலயத்துக்கும் பறவை வராது.

எனக்கு நெஞ்சு வலிக்கும் விஷயத்துக்கு வருகிறேன். நான் வேலை பார்த்த ஊரில் ஒரு குளம். பதினைந்து ஆண்டுகள் ஒவ்வொரு தை, மாசியிலும் அங்கே சேற்றோரம் நின்று நோட்டில் குறித்திருக்கிறேன். அதை அழகுபடுத்தினார்கள். யார் செய்தார்கள் என்பது வேண்டாம்; நல்லது செய்வதாக நம்பித்தான் செய்தார்கள். உள்வாய்ப் பக்கமும் கரை எழுப்பிக் கல் பதித்தார்கள். சுற்றிலும் நடைபாதை, விளக்கு, நடுவில் படகு. தூர் வாருகிறோம் என்று அடியைச் சமமாக வெட்டினார்கள். திறப்பு விழாவுக்கு மறுநாள் போய் நின்றேன். கரையிலிருந்து ஓர் அடி எடுத்துவைத்தால் ஆள் ஆழம். பிறை வடிவக் குளம் கிண்ணம் ஆகிவிட்டது. அதற்குப் பிறகு அந்தக் குளத்தின் பெயருக்கு நேராகக் கொசு உள்ளான் என்று நான் எழுதியதே இல்லை. நீர்க்காகங்கள் இருக்கின்றன. நடைபயிற்சிக்கு வருகிறவர்கள் அவற்றைக் காட்டி, "பறவை நிறைய இருக்கே சார்" என்று சொல்கிறார்கள். அவர்கள்மீது எனக்கு வருத்தம் இல்லை. இங்கே முன்பு என்ன இருந்தது என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை.

தூர் வாருவதை நான் எதிர்ப்பதாக எண்ண வேண்டாம். வண்டல் சேர்ந்தால் குளத்தின் கொள்ளளவு குறையும். வாரித்தான் ஆக வேண்டும். அந்த வண்டல் வயலுக்குப் போக வேண்டும். நான் கேட்பது ஒன்றுதான்: மடைப் பக்கத்து ஆழத்தை மடைப் பக்கத்திலேயே மீட்டெடுங்கள். உள்வாயின் சரிவை வெட்டாதீர்கள். அந்தப் பக்கம் கல்லும் கரையும் விளக்கும் வேண்டாம். நடைபாதை வேண்டுமென்றால் பழைய கரை இருக்கிறது. காலங்காலமாக மனிதன் நடந்த பக்கம் அதுதான். சீமைக்கருவேலத்தை அகற்றும்போதுகூட, நாரை கூடு கட்டியிருக்கும் மாதத்தில் இயந்திரத்தை இறக்காமல் கோடை முடியும்வரை பொறுங்கள். குளத்து வேலைக்கு ஊரில் கூட்டம் போடுவார்கள் அல்லவா? அங்கே இதைச் சொல்ல ஓர் ஆள் வேண்டும். அப்படிச் சொல்கிறவர் கையில் கணக்கு இருக்க வேண்டும்.

அந்தக் கணக்குக்காகத்தான் எண்ணுகிறோம். ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு இந்தியத் துணைக்கண்டத்தில் 1987-இல் தொடங்கி ஒவ்வொரு ஜனவரியிலும் நடக்கிறது. ஏன் ஜனவரி? வந்த பறவைகள் வந்துவிட்டன, திரும்பும் பறவைகள் இன்னும் கிளம்பவில்லை; ஓரளவு நிலையாக இருக்கும் மாதம் அது. நம் பகுதியில் தாமிரபரணிப் பாசனக் குளங்களிலும் தன்னார்வலர்கள் ஆண்டுதோறும் எண்ணுகிறார்கள். பொங்கல் விடுமுறை நாட்களில் தமிழகம் முழுவதும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. அதில் கலந்துகொள்ள அனுபவம் எதுவும் வேண்டாம். கால் மணி நேரம் ஓரிடத்தில் நின்று, பார்த்ததை எண்ணி, இபேர்ட் இணையதளத்தில் பதிந்தால் போதும்.

எண்ணுவதற்கும் பழக்கம் வேண்டும். முதல் ஆண்டு நான் ஒரு வாத்துக் கூட்டத்தைப் பார்த்து முந்நூறு என்றேன். என்னோடு வந்த பெரியவர் நிதானமாக எண்ணினார், அறுநூறைத் தாண்டியது. கூட்டம் பெரிதானால் கண் குறைத்தே மதிப்பிடும். அவர் ஒரு வழி சொன்னார்: முதலில் பத்துப் பறவையை ஒவ்வொன்றாக எண்ணு. அந்தப் பத்து எவ்வளவு இடத்தை அடைத்துக்கொள்கிறது என்று மனத்தில் பதித்துக்கொள். பிறகு அந்த அளவை முழுக் கூட்டத்தின்மேல் வைத்து வைத்து நகர்த்து. நெல்லை மரக்காலால் அளப்பதுபோல. இன்றும் அப்படித்தான் செய்கிறேன்.

மற்ற விவரங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்க வேண்டும். எதிரே இருந்தால் எல்லாப் பறவையும் கறுப்பாகத்தான் தெரியும். 8x42 அளவு பைனாகுலர் போதும். எட்டு மடங்கு பெரிதாகக் காட்டும், வெளிச்சமும் நன்றாக வாங்கும். பறவையை நோக்கி நேராக நடக்கக் கூடாது. கூட்டமாகத் தலையைத் தூக்கிப் பார்த்தால் நின்றுவிட வேண்டும். அதுவே அவற்றின் எச்சரிக்கை. படம் எடுப்பதற்காகக் கூட்டத்தை எழுப்பிப் பறக்கவிடுவதைத் தயவுசெய்து செய்யாதீர்கள். திரும்பும் பயணத்துக்குச் சேர்த்துவைத்த கொழுப்பு ஒவ்வொரு வீண் பறத்தலிலும் கரைகிறது. பெயர் தெரியாவிட்டால் வெட்கப்பட வேண்டாம். ஆடு மேய்க்கிறவர்களையும் வலை வீசுகிறவர்களையும் கேளுங்கள். நெற்றியில் வெள்ளை நாமத்தோடு கறுப்பாக மிதக்கும் பறவைக்கு நாமக்கோழி என்றும், மீனைத் தூக்கிப்போகும் கழுகுக்கு விரால் அடிப்பான் என்றும் பெயர் வைத்தது அவர்களைப் போன்றவர்கள்தான். பேராசிரியர் க. ரத்னம் அப்படிப்பட்ட பெயர்களைத் தேடித் தொகுத்து 'தமிழ்நாட்டுப் பறவைகள்' என்ற நூலில் தந்திருக்கிறார். பள்ளி நூலகங்களில் அது இருக்க வேண்டும்.

நீர்ப்பாய்ச்சித் தாத்தா இறந்து வெகுகாலம் ஆகிறது. அவருக்குப் பிறகு எங்கள் ஊரில் அந்த வேலைக்கு நிலையான ஆள் இல்லை. ஆனால் குளத்தின் உள்வாய் இன்னும் சரிவாகத்தான் இருக்கிறது. சென்ற ஞாயிற்றுக்கிழமை பார்த்தபோது அந்த நாரை நிற்கும் இடத்தில் வயிறு நனையும் அளவு தண்ணீர் இருந்தது. என் கணக்குப்படி தை இரண்டாம் வாரம் முட்டி தெரியும்.

அந்த வாரத்து ஞாயிறு காலை ஆறு மணிக்கு மறுகால் பக்கம் நிற்பேன். வருகிறவர்கள் வரலாம். பைனாகுலர் இரண்டு இருக்கிறது, மாற்றி மாற்றிப் பார்த்துக்கொள்ளலாம். பிள்ளைகள் ஒரு நோட்டும் பென்சிலும் கொண்டுவாருங்கள். பனியில் பேனா சரியாக எழுதாது. செருப்பைக் கழற்றாதீர்கள், அந்தப் பக்கம் நெருஞ்சி அதிகம்.